சிங்க்கை எதிர்ச்சுவருக்கு மாற்றலாமா? கூடவே, கீழ்வீட்டுக் கூரையில் ஈரம்

இரண்டாம்தளம் | ஜூன் 3, இரவு 9.40

மேற்கு மாம்பலத்தில் ஒரு பழைய அடுக்ககம், 1994இல் கட்டியது. மூன்று தளங்களில் எங்களுடையது இரண்டாவது. சமையலறை பத்துக்கு எட்டு அடி. சன்னலை ஒட்டிக் கடப்பா கல் மேடை, அதிலேயே எவர்சில்வர் சிங்க், பக்கத்தில் அடுப்பு. எதிர்ச்சுவரில் ஃபிரிட்ஜ் மட்டும் நிற்கிறது. இரண்டு சுவர்களுக்கும் நடுவே பால்கனிக்குப் போகும் கதவு.

சிங்க்கை எதிர்ச்சுவருக்குக் கொண்டுபோய்விட்டு, அடுப்பைச் சன்னலுக்கு நேர்கீழே வைக்க நினைக்கிறேன். தாளிக்கிற நெடி அப்படியே வெளியே போய்விடும். மேடை முழுவதும் எனக்கே கிடைக்கும். உள் அலங்கார வேலை எடுத்துச் செய்பவர் ஒருவர் வந்து பார்த்தார். "தாராளமாக மாற்றலாம் மேடம்" என்றார். மொத்தம் 2,90,000 ரூபாய்க்கு விலைப்பட்டியல் கொடுத்திருக்கிறார். ஷட்டர், கூடை, கைப்பிடி, கிரானைட், டைல்ஸ் எல்லாம் இரண்டு பக்கத்துக்கு விவரமாக இருக்கின்றன. கடைசியில் ஒரே ஒரு வரி: "பிளம்பிங், மொத்தமாக, 6,000".

இன்னும் இரண்டு சங்கடங்கள். குழாயில் தண்ணீர் நூல் மாதிரி வருகிறது; ஒரு லிட்டர் செம்பு நிரம்ப 22 விநாடி ஆகிறது. இறுக்கி மூடினாலும் சொட்டு நிற்பதில்லை. கீழ்வீட்டு அம்மா தம் சமையலறைக் கூரையில் ஈரம் பூத்திருப்பதாகச் சொல்கிறார். சண்டையெல்லாம் இல்லை, "இடிக்கும்போது இதையும் பார்த்துவிடுங்கள்" என்று நல்லவிதமாகத்தான் சொன்னார். சிங்க்கை இடம் மாற்றினால் இந்த ஈரமும் தானாக நின்றுவிடும் அல்லவா?


காவிரிக்கரை | ஜூன் 3, இரவு 10.25

குழாய் விவகாரத்தை விவரம் தெரிந்தவர்கள் சொல்லட்டும். அடுப்பை மட்டும் சன்னலுக்கு நேர்கீழே வைக்காதீர்கள். கும்பகோணத்தில் நாங்கள் அப்படி வைத்துவிட்டு, ஆடிக்காற்றுக் காலம் முழுவதும் சன்னலைச் சாத்திக்கொண்டு சமைத்தோம். சுடர் ஒரு பக்கம் சாயும், பால் பாத்திரம் அந்தப் பக்கம் மட்டும் அடிப்பிடிக்கும். சன்னலுக்குப் பக்கவாட்டில் அடுப்பு, தலைக்குமேல் புகைபோக்கும் விசிறி, அவ்வளவு போதும்.

மேடை உயரம் என்ன போடுகிறார்கள் என்று கேட்டீர்களா? 34 அங்குலம் என்று எல்லோருக்கும் ஒரே அளவைச் சொல்வார்கள். நான் ஐந்தடிதான். 34 அங்குல மேடை, அதன்மேல் அடுப்பு, அதன்மேல் பெரிய குக்கர் என்றால் வேகிற பருப்பை நான் முக்காலி போட்டுத்தான் பார்க்க வேண்டும். நிமிர்ந்து நின்று முழங்கையை மடக்குங்கள். அதிலிருந்து நான்கைந்து அங்குலம் கீழே வருவதுதான் உங்களுடைய மேடை. எனக்கு 32 வந்தது. சந்தேகமாக இருந்தால் சாப்பாட்டு மேசையில் பழைய புத்தகங்களை அடுக்கி, அதன்மேல் பலகை வைத்து ஒரு கிலோ வெங்காயம் நறுக்கிப் பாருங்கள். தோள்பட்டை உண்மையைச் சொல்லிவிடும்.


ஓய்வுபொறியாளர் | ஜூன் 4, காலை 6.10

2,90,000இல் குழாய்க்கு 6,000 என்ற வரியை இரண்டு முறை படித்தேன். கைப்பிடிகளுக்கு எவ்வளவு போட்டிருக்கிறார் என்று பாருங்கள், அதைவிடக் கூடுதலாக இருக்கும்.

சிங்க்குக்குத் தண்ணீர் கொண்டுவருவது எளிது. அழுத்தம் இருக்கிற வரை தண்ணீர் மேலும் ஏறும், வளைந்தும் போகும். கழிவுநீருக்கு அந்த வசதி இல்லை. சரிவு இருந்தால்தான் அது நகரும். அடிக்குக் கால் அங்குலம் என்பது எங்கள் காலத்துக் கணக்கு, இன்றும் மாறவில்லை. உங்கள் எதிர்ச்சுவரிலிருந்து பழைய கழிவுக்குழாய் வரை பத்து அடி வைத்துக்கொள்ளுங்கள். சரிவுக்கு இரண்டரை அங்குலம். குழாயின் விட்டம் இரண்டு அங்குலம். மேலே கலவையும் டைல்ஸும் சேர்ந்து ஒன்றரை அங்குலம். ஆக, தரையை ஆறு அங்குலம் உயர்த்த வேண்டும். நடுவே கதவு வேறு இருக்கிறது என்கிறீர்கள். அங்கே ஒரு படி முளைக்கும்; கொதிக்கிற சாம்பாரோடு யாராவது ஒருநாள் அதில் இடறுவார்கள்.

"தரையை உயர்த்தாமல் தளத்திலேயே காடி வெட்டிக் குழாயைப் பதித்துவிடுகிறேன்" என்று சொல்பவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். ஐந்து அங்குலக் கான்கிரீட்டுக்குள் கம்பி ஓடுகிறது. அது உங்கள் தரை மட்டுமல்ல, கீழ்வீட்டின் கூரையும்கூட.

மேடை சன்னல் சுவரிலிருந்து பக்கச்சுவர் வழியாகத் தொடர்ந்து ஓடுமானால் நிலைமை வேறு. சிங்க்கின் கழிவு வாய் தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில் இருக்கும். மேடைக்கு அடியில் சுவரோடு குழாயைச் சரித்துக் கொண்டுவந்துவிடலாம், தரையைத் தொடவே வேண்டாம். உங்களுக்குக் கதவு குறுக்கே நிற்பதால் அந்த வழியும் அடைபடுகிறது. சன்னல் சுவரிலேயே இரண்டடி, மூன்றடி நகர்த்திக்கொள்ளுங்கள்.


இரண்டாம்தளம் | ஜூன் 4, காலை 8.05

படி முளைக்கும் என்று யாருமே சொல்லவில்லையே! ஒப்பந்தக்காரருக்கு இப்போதுதான் தொலைபேசியில் சொன்னேன். "நாலு அங்குலம் உயர்த்தினால் போதும் மேடம், பழகிவிடும்" என்கிறார். பழகிவிடுமாம்.


குழாய்க்காரன் | ஜூன் 4, இரவு 8.50

மதுரையில் 23 வருடமாக இந்த வேலை செய்கிறேன். பொறியாளர் ஐயா சொன்னதற்குமேல் சரிவைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை.

கீழ்வீட்டு ஈரத்தைப் பற்றிச் சொல்கிறேன். சிங்க்கை மாற்றினால் நின்றுவிடும் என்று நினைக்காதீர்கள். எங்கே ஒழுகுகிறது என்று தெரியாமல் இடித்தால் புது டைல்ஸுக்கு அடியிலும் அதே ஒழுகல்தான். முதலில் அது வருகிற தண்ணீரா, போகிற தண்ணீரா என்று பிரித்துப் பார்க்க வேண்டும். செலவே இல்லாத வழி இருக்கிறது.

கீழ்வீட்டு அம்மாவிடம் சொல்லி, கூரையில் ஈரம் நிற்கிற ஓரத்தைப் பென்சிலால் கோடு போட்டு வைக்கச் சொல்லுங்கள். மூன்று நாளைக்கு உங்கள் சிங்க்கில் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட ஊற்றாதீர்கள். சொட்டுகிற குழாய்க்கு அடியில் வாளி வையுங்கள். பாத்திரத்தை பால்கனியில் கழுவிக்கொள்ளுங்கள். குழாய் இணைப்பை அடைக்க வேண்டாம், அது திறந்தே இருக்கட்டும். மூன்று நாள் கழித்தும் ஈரம் கோட்டைத் தாண்டி வளர்ந்தால் சுவருக்குள் வருகிற குழாய் ஒழுகுகிறது, ஏனென்றால் அதில்தான் எந்நேரமும் தண்ணீர் நிற்கிறது. வளராமல் காயத் தொடங்கினால் கோளாறு கழிவுப் பக்கம்.

அதற்குப் பிறகு ஒரு வாளியில் குங்குமமோ சாயமோ கரைத்து, தரையில் இருக்கிற நாணி ட்ராப்பில் (கழிவுநீர் இறங்கும் வாய்) மட்டும் ஊற்றுங்கள், சிங்க்கில் வேண்டாம். மறுநாள் கூரையில் நிறம் தெரிந்தால் ட்ராப்தான். தெரியாவிட்டால் சிங்க்கில் ஊற்றுங்கள்.


அண்ணாநகர்வாசி | ஜூன் 4, இரவு 10.30

இதெல்லாம் படிக்க நன்றாக இருக்கிறது. நடைமுறையில் பிளம்பர் வருவார், ஒரு பையைத் திறப்பார், பாதி வேலையில் "சாமான் வாங்கி வருகிறேன்" என்று முன்பணம் வாங்கிக்கொண்டு போவார், மூன்று நாள் தொலைபேசி எடுக்கமாட்டார். என் வீட்டில் பத்து ரூபாய் வாஷர் மாற்ற 600 ரூபாய் வாங்கினார்கள்.


குழாய்க்காரன் | ஜூன் 5, காலை 5.45

வாஷர் பத்து ரூபாய்தான் சார். உங்கள் வீட்டுக்குத் தண்ணீரை நிறுத்துகிற கேட் வால்வு முப்பது வருடமாகத் திருப்பாமல் இறுகிப்போயிருக்கும். அதை உடையாமல் திறக்கப் பாதி நாள் போகும். உடைந்தால் மொட்டைமாடித் தொட்டியையே காலி செய்ய வேண்டும்; எட்டு வீட்டுக்காரர்களும் என்னைத்தான் திட்டுவார்கள். அந்த 600 ரூபாயில் இதற்கும் பங்கு உண்டு. முன்பணத்தோடு ஓடிப்போகிறவர்கள் எங்கள் தொழிலிலும் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. சாமான் பட்டியலை எழுதி வாங்கி நீங்களே கடைக்குப் போய் வாங்கிக் கொடுங்கள். நல்ல வேலைக்காரன் அதற்கு முகம் சுளிக்கமாட்டான்.

எல்லோருக்கும் ஒன்று சொல்கிறேன். வீட்டில் இருக்கிற வால்வு ஒவ்வொன்றையும் மாதம் ஒருமுறை முழுக்க மூடித் திறங்கள். அமாவாசை என்று வைத்துக்கொண்டால் மறக்காது. திறந்த பிறகு கடைசிவரை முறுக்கி விடாமல் கால் சுற்று பின்னால் கொண்டுவந்து விடுங்கள், இறுகாது.


காவிரிக்கரை | ஜூன் 5, காலை 9.15

எங்கள் வீட்டில் அமாவாசைக்கு ஏற்கெனவே வேலை அதிகம். பௌர்ணமிக்கு வைத்துக்கொள்கிறேன்.


நெல்லைக்காரர் | ஜூன் 5, இரவு 9.00

இரண்டாம்தளம் அவர்களே, உங்கள் தண்ணீர் நூலாக வருவதற்குக் காரணம் பெரும்பாலும் பழைய ஜிஐ குழாய், அதாவது துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய். பாளையங்கோட்டையில் எங்கள் அப்பா கட்டிய வீட்டிலும் அதே கதை. வெட்டி எடுத்த எல்போவுக்குள் (குழாய் வளைகிற இணைப்பு) பென்சில் நுழையவில்லை. துரு அடுக்கு அடுக்காக வளர்ந்திருந்தது. தாமிரபரணித் தண்ணீருக்கே அப்படி என்றால் சென்னை ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணீருக்குக் கேட்க வேண்டாம்.

மாற்றும்போது என்னைப் போல் எல்லாவற்றையும் சுவருக்குள் புதைக்காதீர்கள். பார்வைக்கு அழகுதான். நான்கு வருடம் கழித்து என் மனைவிக்கு மசாலா டப்பா அலமாரி மாட்டத் துளை போட்டேன். குறி வைத்தாற்போல் குழாயின் நடுவில் போய் நின்றது. தண்ணீர் பீய்ச்சி அடித்து மிளகாய்ப் பொடி டப்பா வரை நனைந்தது. அந்தச் சுவரை மறுபடி இடித்து, அதே டைல்ஸ் கடையில் இல்லாமல், இன்றுவரை நான்கு டைல்ஸ் மட்டும் வேறு நிறத்தில் என்னைப் பார்த்துச் சிரிக்கின்றன.


அண்ணாநகர்வாசி | ஜூன் 5, இரவு 9.35

அதற்காகப் புது சமையலறையில் குழாயை வெளியே ஓடவிட்டால் அரசு மருத்துவமனை மாதிரி இருக்காதா? எண்ணெய்ப் பிசுக்கு முழுவதும் அதில்தான் ஒட்டும். புதைப்பதில் தவறில்லை, எங்கே போகிறது என்று தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். பூசுவதற்கு முன் அளவு நாடாவைப் பக்கத்தில் பிடித்து ஒவ்வொரு சுவரையும் படம் எடுத்து வைத்தேன். தரையிலிருந்து எத்தனை, மூலையிலிருந்து எத்தனை என்று படத்திலேயே தெரியும்.


ஓய்வுபொறியாளர் | ஜூன் 6, காலை 6.05

அண்ணாநகர்வாசி சொல்லும் படம் பொன் போன்றது. அந்தப் படத்தைக் கைபேசியில் மட்டும் வைக்காமல் அச்செடுத்து வீட்டுப் பத்திரத்தோடு வையுங்கள்.

இந்த விவாதத்துக்கு நடுவழி ஒன்று உண்டு. மேடைக்குக் கீழே கப்போர்டு மறைத்துவிடப்போகிறது, அங்கே ஏன் சுவரை வெட்ட வேண்டும்? கிளிப் போட்டுச் சுவரோடு வெளியிலேயே ஓட்டுங்கள். மேடைக்குமேல் கண்ணில் படும் ஓரிரு அடி மட்டும் உள்ளே போகட்டும். காடி செங்குத்தாக இருக்கட்டும். சுமைதாங்கும் சுவரில் குறுக்காக நீளக் காடி வெட்டவே கூடாது. தூணையும் உத்தரத்தையும் தொடக்கூடாது என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை என்று நம்புகிறேன். ஆனாலும் சொல்லிவிட்டேன்.

குழாய் வகை: வெளிர்மஞ்சளாக இருக்கும் பிளாஸ்டிக் குழாய் சிபிவிசி, ஐஎஸ் 15778 என்ற இந்தியத் தர முத்திரை பார்த்து வாங்குங்கள். கீசர் தண்ணீரையும் தாங்கும். வெள்ளையாக வரும் யுபிவிசி குளிர்ந்த தண்ணீருக்கு மட்டும். இரண்டுக்கும் ஒட்டுகிற சொல்யூஷன் வேறு வேறு. ஒரே டப்பாவை வைத்துக்கொண்டு இரண்டையும் ஒட்டுவதைப் பல இடங்களில் பார்த்து வாதாடியிருக்கிறேன். சிபிவிசி வெயிலில் ஓடினால் வருடக்கணக்கில் நொறுங்கத் தொடங்கும். வெளிச்சுவர்ப் பகுதிக்கு வண்ணம் பூசுங்கள் அல்லது உறை போடுங்கள்.

ஒட்டி முடித்து ஒரு நாள் காயவிட்டு, முனைகளையெல்லாம் மூடி போட்டு, கைப்பம்பு வைத்து அழுத்தம் ஏற்றிப் பார்க்க வேண்டும். மானியின் முள் சில மணி நேரம் இறங்காமல் நின்றால்தான் டைல்ஸ்காரருக்கு அனுமதி. பம்பு இல்லை என்பார்கள். வாடகைக்குக் கிடைக்கும்.

இன்னொன்று. கடையில் கழுத்தை நீட்டி இழுக்கிற குழாய், ஒற்றைப் பிடிக் குழாய் என்று அழகாகக் காட்டுவார்கள். தொட்டியின் நீர்மட்டத்துக்கும் உங்கள் குழாய்க்கும் ஏழு மீட்டர் இருந்தால் சதுர செ.மீ.க்கு 0.7 கிலோ அழுத்தம்தான் கிடைக்கும். பத்து மீட்டர் உயரத்துக்குத்தான் ஒரு கிலோ. அந்தக் குழாய்களில் பல அதற்குமேல் கேட்பவை. வாங்குமுன் அட்டைப்பெட்டியில் குறைந்தபட்ச அழுத்தம் என்ன போட்டிருக்கிறது என்று படியுங்கள்.


சிறுவாணி | ஜூன் 6, பிற்பகல் 2.20

கோவையிலிருந்து ஒரு சொல், கப்போர்டு பற்றி. எங்களுக்குச் சிங்க்குக்கு அடியில் மரத்தூள் அழுத்திய பலகையைப் போட்டுக் கொடுத்தார்கள். மேலே பளபளவென்று லாமினேட். ஒரு மழைக்காலம்தான், இணைப்பிலிருந்து மெல்லக் கசிந்த தண்ணீரைக் குடித்து, தேநீரில் நனைத்த ரஸ்க் மாதிரி உப்பிவிட்டது. ஒட்டுப்பலகை வேண்டுமென்றால் ஐஎஸ் 710 என்று அச்சடித்திருப்பதைக் கேட்டு வாங்குங்கள். அது 72 மணி நேரம் கொதிநீரில் வைத்துச் சோதிக்கிற ரகம். பில்லில் எழுதி வாங்குங்கள், பலகையை அறுக்கும் முன் முத்திரையை நீங்களே பாருங்கள்.

சிங்க்குக்கு அடியில் மட்டும் அதுவும் வேண்டாம் என்பேன். பக்கத்துக்கு ஒரு கடப்பா பலகை, முன்னால் பிவிசி பலகைக் கதவு, பின்புறம் வெறும் டைல்ஸ் போட்ட சுவர். குழாயில் ஒழுகினால் கண்ணுக்குத் தெரியும், கரையானுக்கும் வேலை இல்லை.

சிங்க் வாங்கும்போது கடைக்காரர் காந்தத்தை ஒட்டிக் காட்டி "ஒட்டவில்லை பாருங்கள், 304 தரம்" என்பார். 202 தரத்திலும் காந்தம் ஒட்டாது. 304 என்று தகட்டிலும் பில்லிலும் இருக்கிறதா என்று பாருங்கள். உப்புத் தண்ணீர் ஊரில் 202 புள்ளி புள்ளியாகத் துருப்பிடிக்கும்.


இரண்டாம்தளம் | ஜூன் 8, இரவு 9.10

சோதனை முடிந்தது! வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளும் பாத்திரம் பால்கனியில். மாமியார் "ஊரில் கிணற்றடி மாதிரி இருக்கிறது" என்று சந்தோஷமாகவே கழுவினார். கீழ்வீட்டு அம்மா பென்சில் கோட்டுக்குப் பக்கத்தில் தேதியும் எழுதியிருக்கிறார், அரசுப் பள்ளியில் தலைமையாசிரியராக இருந்தவர். ஈரம் கோட்டைத் தாண்டவில்லை. ஓரம் காய்ந்து வெளிறியிருக்கிறது. அப்படியானால் கழிவுப் பக்கம். நாளை குங்குமம்.

நடுவில் ஒன்று அளந்தேன். சொட்டுகிற குழாய்க்கு அடியில் 200 மி.லி. டம்ளர் வைத்தேன், நாற்பது நிமிடத்தில் நிரம்பியது. கணக்குப் போட்டால் ஒரு நாளைக்கு ஏழு லிட்டர். 2019 கோடையில் இதே வீட்டில் குடத்துக்கு லாரிக்குப் பின்னால் நின்றேன். அப்போதும் இது சொட்டிக்கொண்டுதான் இருந்திருக்கும்.


குழாய்க்காரன் | ஜூன் 8, இரவு 9.55

சொட்டுக்கு வாஷர் மட்டும் மாற்றினால் போதுமா என்று பார்க்க ஒரு வழி உண்டு. தண்ணீரை நிறுத்திவிட்டு மேல்பாகத்தைக் கழற்றி, வாஷர் உட்கார்கிற பித்தளை விளிம்பை விரலால் தடவிப் பாருங்கள். வழவழப்பாக இருந்தால் வாஷர் போதும். பள்ளம் தட்டுப்பட்டால் எத்தனை வாஷர் மாற்றினாலும் இரண்டு வாரம்தான், குழாயையே மாற்றிவிடுங்கள். கால் சுற்றில் திறக்கிற செராமிக் தட்டுக் குழாய் நல்லது, ஆனால் தொட்டியில் மணல் இருந்தால் தட்டு கீறிப்போகும். தொட்டியைக் கழுவிவிட்டுப் புதுக்குழாய் மாட்டுங்கள். மாட்டிய பிறகு, குழாய் நுனியில் இருக்கிற சல்லடையை மாதம் ஒருமுறை கழற்றி எலுமிச்சைச் சாற்றிலோ வினிகரிலோ ஊறவையுங்கள். உப்புப் படிவு கரைந்துவிடும்.

சிங்க்குக்கு அடியில் தனியாக ஓர் ஆங்கிள் காக் (அந்தக் குழாய்க்கு மட்டும் தண்ணீரை நிறுத்துகிற சிறு வால்வு) கட்டாயம் போடுங்கள். அது இருந்தால் அடுத்த முறை மொட்டைமாடி ஏற வேண்டாம்.


இரண்டாம்தளம் | ஜூன் 10, இரவு 8.30

நாணி ட்ராப்பில் ஊற்றிய குங்குமம் மறுநாள் காலையில் கீழ்வீட்டுக் கூரையில் இளஞ்சிவப்பாகத் தெரிந்தது. அந்த அம்மா முதலில் பயந்துவிட்டாராம்; நான் முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும்.

ஒப்பந்தக்காரரை நிறுத்திவிட்டேன். தெரிந்தவர் மூலம் ஒரு பிளம்பரும் கொத்தனாரும் தனித்தனியாக வருகிறார்கள். சிங்க் அதே சுவரில் இரண்டடி இடப்பக்கம் நகர்கிறது.


காவிரிக்கரை | ஜூன் 10, இரவு 9.20

நல்லது. கழிவுக்குழாய் புதிதாகப் போடுவதால் கேட்கிறேன்: சோறு வடித்த கஞ்சியை என்ன செய்கிறீர்கள்? கொதிக்கக் கொதிக்கச் சிங்க்கில் ஊற்றினால் பிவிசி இளகும், ஆறினால் கஞ்சி குழாய்க்குள் பசையாக உறையும். இட்லி மாவுப் பாத்திரம் கழுவிய தண்ணீரும் அப்படித்தான். காபிச் சக்கை, தேங்காய் நார், புளிச்சக்கை மூன்றும் சேர்ந்தால் சிமெண்ட் தோற்றுப்போகும். எங்கள் வீட்டில் அடைப்பு எடுத்தவர் வெளியே இழுத்ததை நான் வர்ணிக்கப்போவதில்லை.

அடைத்துக்கொண்டால் ரப்பர் பம்பு முதலில். அடைப்பு நீக்கும் காரத்தூள் (காஸ்டிக் சோடா) போட்டால் அதன்மேல் ஆசிட் ஊற்றாதீர்கள், கொதித்துத் தெறிக்கும். ஆசிட்டும் பிளீச்சிங் பவுடரும் சேர்ந்தால் நச்சுப்புகை. கடப்பா கல்லுக்கும் ஆசிட் ஆகாது, அது சுண்ணாம்புக் கல் வகை. எலுமிச்சை பட்டாலே வெளுக்கும்.


நெல்லைக்காரர் | ஜூன் 11, காலை 7.30

சிங்க்கோடு இலவசமாகத் தரும் மடிப்பு மடிப்பான நெளிகுழாயையும் தூக்கிப் போடுங்கள். ஒவ்வொரு மடிப்பிலும் எண்ணெய் உட்கார்ந்துகொள்ளும். உள்ளே வழவழப்பான குழாய், சிங்க்குக்கு அடியில் கையால் திருகிக் கழற்றுகிற ட்ராப், இவைதான் வேண்டும்.


இரண்டாம்தளம் | ஜூலை 19, இரவு 9.30

வேலை முடிந்தது. பலர் தனிச்செய்தியில் கேட்டதால் விவரமாக எழுதுகிறேன்.

இடித்தபோது தெரிந்தது: பழைய வார்ப்பிரும்பு ட்ராப்புக்குள் எப்போதோ யாரோ ஒரு பிவிசி குழாயைச் செருகி, சுற்றிலும் சாக்குத்துணியைத் திணித்து மேலே சிமெண்ட் பூசியிருக்கிறார்கள். துணி மக்கிப்போய் விரல் நுழைகிற இடைவெளி. ஒவ்வொரு முறை பாத்திரம் கழுவும்போதும் அந்த வழியாகத்தான் கீழே இறங்கியிருக்கிறது. புது ட்ராப் வைத்து, சுற்றிலும் நீர்புகாப் பூச்சுப் பூசி, இரண்டு நாள் தண்ணீர் கட்டி வைத்துப் பார்த்த பிறகுதான் டைல்ஸ் போட்டோம். அந்த இரண்டு நாளும் கீழ்வீட்டு அம்மா காலையும் மாலையும் கூரையைப் பார்த்துத் தொலைபேசியில் "காய்ந்திருக்கிறது" என்று அறிக்கை கொடுத்தார்.

ஜிஐ எல்போவை அறுத்துப் பார்த்தோம். பென்சில் நுழையவில்லை, நெல்லைக்காரர் சொன்னது போலவே. சிபிவிசி போட்ட பிறகு ஒரு லிட்டர் செம்பு ஆறு விநாடியில் நிரம்புகிறது. குழாய் மேடைக்கு அடியில் வெளியே ஓடுகிறது, மேலே மட்டும் உள்ளே. படங்களை அச்செடுத்துப் பத்திரத்தோடு வைத்தாயிற்று.

மேடை 32 அங்குலம். வெங்காயச் சோதனையில் மாமியாருக்கு 31, எனக்கு 33, நடுவில் முடித்துக்கொண்டோம். அடுப்புப் பக்கம் கிரானைட். பழைய கடப்பா பலகைகளை அறுத்துச் சிங்க்குக்கு அடியில் தடுப்பாக நிறுத்தியிருக்கிறோம். சிலிண்டர் நிமிர்ந்து நிற்கத் தனி அறை, அதன் கதவில் காற்றுத் துளைகள். ரப்பர் குழாயின் தேதியைப் பார்த்தால் ஐந்து வருடம் எப்போதோ தாண்டியிருந்தது, அதையும் மாற்றினோம்.

செலவு மொத்தம் 2,35,000. அதில் குழாய், ட்ராப், நீர்புகாப் பூச்சு, கூலி எல்லாம் சேர்த்து 41,000. ஷட்டர்களில் இரண்டைக் குறைத்துக்கொண்டேன், மேலே பரணுக்குக் கதவு போடவில்லை.

ஒரு குறை: விசிறியின் துளையைக் கொத்தனார் ஓர் அடி தள்ளி வைத்துவிட்டார். தாளித்தால் கூடம் வரை மணக்கிறது.


ஓய்வுபொறியாளர் | ஜூலை 20, காலை 6.00

6,000க்கும் 41,000க்கும் இடையே இருந்த சாக்குத்துணியைப் படம் எடுத்தீர்களா? இருந்தால் இங்கே போடுங்கள்.


இரண்டாம்தளம் | ஜூலை 20, காலை 8.15

எடுத்தேன் ஐயா. மாமியார் பார்த்துவிட்டு அழித்துவிடச் சொன்னார், காலையில் சாப்பாடு இறங்கவில்லையாம்.


தாம்பரம்புதியவர் | ஜூலை 22, இரவு 11.05

இழை முழுவதையும் ஒரே மூச்சில் படித்தேன். எங்களுக்கும் குழாய் சொட்டுகிறது, வாஷர் நானே மாற்றிப் பார்க்கலாம் என்று நினைக்கிறேன். ஆனால் எங்கள் வீட்டுக்குத் தண்ணீரை நிறுத்தும் வால்வு எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. மொட்டைமாடியில் தொட்டிக்குக் கீழே பன்னிரண்டு வால்வுகள் இருக்கின்றன, ஒன்றிலும் பெயர் இல்லை.


குழாய்க்காரன் | ஜூலை 23, காலை 5.40

ஞாயிற்றுக்கிழமை காலையில் பக்கத்து வீட்டுக்காரர்களிடம் சொல்லிவிட்டு ஏறுங்கள். கீழே ஒருவர் உங்கள் சமையலறைக் குழாயைத் திறந்து வைத்துக்கொண்டு கைபேசியில் பேசிக்கொண்டே இருக்கட்டும். ஒவ்வொரு வால்வாக மூடித் திறந்துகொண்டே வாருங்கள்; "நின்றது" என்று அவர் சொல்வது உங்களுடையது. குழாயில் மிச்சம் இருக்கிற தண்ணீர் வடிய அரை நிமிடம் ஆகும், அவசரப்படாதீர்கள். குளியலறைக்கு வேறு வால்வு இருக்கலாம், அதையும் அப்படியே பாருங்கள். கண்டுபிடித்ததும் பெயின்டால் வீட்டு எண்ணை எழுதிவிடுங்கள்.

இறுகியிருந்தால் ரெஞ்ச் போட்டு முறுக்காதீர்கள். தண்டில் இரண்டு சொட்டு எண்ணெய் விட்டு மறுநாள் வந்து முன்னும் பின்னுமாகக் கொஞ்சம் கொஞ்சமாக அசையுங்கள். அப்படியும் அசையவில்லை என்றால் விட்டுவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள். 600 ரூபாய் கேட்டால் கொடுங்கள்.